சைலர் மன்யோ "ஹஹா": ஒரே குப்பி, மூன்று பேனா, மூன்று நிறம். எது சரி?

மைக்கூடு · வெள்ளி, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள், முதல்முறையாக இழை தொடங்குகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானின் சைலர் நிறுவனம் விற்கும் பேனா மைகளில், மன்யோ வரிசையில் "ஹஹா" வாங்கினேன், 50 மில்லி குப்பி. வாங்கும் முன் பார்த்த படங்களில் எல்லாம் புறாக் கழுத்து மாதிரி இருந்தது. மங்கலான நீலம், நடுவே இளஞ்சிவப்பு, எங்கோ ஓர் ஓரத்தில் பச்சை போல ஒன்று. அதைப் பார்த்துத்தான் மயங்கினேன்.

என் கையில் வந்தது இது: ஜப்பானிய எஃப் (மெல்லிய) நிப்பில் துணி அலசிய தண்ணீர் மாதிரி ஒரு வெளிர்நீலம். எம் (நடுத்தர) நிப்பில் சாம்பல் நீலம். மையை உள்ளேயே இழுத்து நிரப்பும் ஒரு பழைய பிஸ்டன் பேனாவில் மட்டும் ஊதா தட்டுகிறது. அதே குப்பி, அதே நாள், அதே நோட்டு. குப்பியைக் குலுக்கிக்கூடப் பார்த்துவிட்டேன். இளஞ்சிவப்பு எங்கே போயிற்று? மை கெட்டுப்போனதா, போலியா?

கோழிக்கிறுக்கல் · வெள்ளி, இரவு 9:20

தலைப்பைப் பார்த்து யாரோ சிரிக்கிறாங்கன்னு உள்ளே வந்தேன். மைதான் உங்களைப் பார்த்துச் சிரிக்குது போல.

(என்கிட்டயும் இருக்கு. நானும் இதே மாதிரி முழிச்சவன்தான். தாளடி அண்ணன் வரட்டும்.)

பழையநிப்பு · வெள்ளி, இரவு 9:41

கெடவும் இல்லை, போலியும் இல்லை அம்மணி. சாயத்தைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, கவிதைப் பெயர் ஒட்டி விற்கிறார்கள். எழுதினால் படிக்க முடிகிறதா என்பதுதான் மைக்கு நான் வைக்கும் ஒரே பரீட்சை. இந்த வரிசையில் நான் பார்த்தவை பாதிக்கு மேல் தேறவில்லை.

தாளடி · வெள்ளி, இரவு 11:03

மைக்கூடு, முதலில் நல்ல செய்தி: உங்கள் குப்பியில் குறையில்லை. மூன்று நிறமும் சரிதான். நான்காவது ஒன்றும் இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் நோட்டு.

கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இந்த மாதிரி மையில் ஒரே சாயம் இருப்பதில்லை. ஒன்றையொன்று அமுக்கும் சாயங்களைச் சேர்த்திருப்பார்கள். நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் நெருங்கி நிற்கும்போது கண் அதைச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். அந்த மங்கலுக்குக் காரணம் அதுதான், வெறும் தண்ணீர் இல்லை (பழையநிப்பு ஐயா மன்னிக்கணும்). அந்தச் சாயங்கள் ஒன்றாகவே நிற்கும்வரை உங்களுக்குச் சாம்பல் நீலம். பிரிந்தால்தான் புறாக் கழுத்து.

பிரிவது எப்போது? ஈரமாக இருக்கும் நேரத்தில். ஒவ்வொரு சாயமும் தண்ணீரில் கரையும் அளவு வேறு, தாளின் நாரைப் பிடித்துக்கொள்ளும் வேகமும் வேறு. சாதாரண நோட்டுத் தாள் மையை உடனே குடித்துவிடும், பிரிய நேரம் கிடைக்காது. மேற்பூச்சு நன்றாக உள்ள தாளில் மைத்துளி சில நொடிகள் மேலேயே நிற்கும். கோட்டின் ஓரம் முதலில் உலரும், உள்ளிருக்கும் நீர் ஓரத்தை நோக்கி ஓடும், ஓடும்போது சுலபமாகக் கரையும் சாயத்தை இழுத்துக்கொண்டு போகும், பிடிவாதக்காரச் சாயம் நின்ற இடத்திலேயே நிற்கும். காப்பிக் கறை ஓரத்தில் கருத்துக் கிடப்பதற்கும் இதே காரணம்தான்.

பார்க்க வேண்டுமா? வடிதாள் அல்லது மொரமொரப்பான டிஷ்யூவை விரல் அகலத்துக்கு வெட்டி, கீழிருந்து இரண்டு விரற்கடை மேலே ஒரு பொட்டு மை வைத்து, நுனி மட்டும் தண்ணீரில் படும்படி நிறுத்துங்கள். பொட்டு தண்ணீரில் மூழ்கக் கூடாது. பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் பார்த்த படங்களில் பெரும்பாலானவை பேனாவால் எழுதியவை அல்ல. பஞ்சுக்குச்சியிலோ கண்ணாடிப் பேனாவிலோ தோய்த்து இழுத்தவை. ஜப்பானிய எஃப் நிப்பு விடும் மையைவிட அது பல மடங்கு அதிகம். ஈரமே இல்லாத இடத்தில் பிரிவு எங்கிருந்து வரும்?

மைக்கூடு · சனி, காலை 7:30

அண்ணா, செய்தேன்! பொட்டு மேலே ஏற ஏற இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிட்டது. ஒன்று நல்ல வான்நீலம், இன்னொன்று வெளுத்த இளஞ்சிவப்பு. அப்படியென்றால் இளஞ்சிவப்பு குப்பிக்குள்தான் இருந்திருக்கிறது, நான்தான் அநியாயமாகச் சந்தேகப்பட்டேன்.

ஆனால் பிஸ்டன் பேனா ஊதா காட்டியது ஏன்? அதே நோட்டில்தானே எழுதினேன்.

தாளடி · சனி, காலை 8:15

அந்தப் பேனாவில் அதற்கு முன்னால் என்ன மை இருந்தது?

மைக்கூடு · சனி, காலை 8:17

...

ஊதா.

கோழிக்கிறுக்கல் · சனி, காலை 8:19

வழக்கு முடிந்தது. 😂

தாளடி · சனி, காலை 8:40

சிரிக்காதீங்க, இது எல்லோருக்கும் நடப்பது. கருநீல மையில் இப்படி ஒரு துளி மிச்சம் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. வெளிறிய மையில் நிப்புக்கு மை கொண்டுவரும் ஃபீடுக்குள் ஒளிந்திருக்கும் பழைய சாயம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிஸ்டன் பேனாவை நான்கைந்து முறை கழுவி, நிப்பைத் தலைகீழாக டிஷ்யூவில் ஊன்றி ஓர் இரவு வைத்துவிட்டு அப்புறம் ஊற்றுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மூடி இறுக்கமில்லாத பேனாவில் இரண்டு வாரம் கிடந்தால் தண்ணீர் ஆவியாகி மை கெட்டியாகும். அப்போது ஹஹா நன்றாகவே கருத்து எழுதும். "ஆகா, மை பழகிவிட்டது" என்று சிலர் மகிழ்வார்கள். பழகவில்லை, வற்றியிருக்கிறது.

பழையநிப்பு · சனி, காலை 10:05

விளக்கம் பிரமாதம் தாளடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இன்ன நிப்பு வேண்டும், இன்ன தாள் வேண்டும், இன்ன ஈரம் வேண்டும், அப்போதுதான் தரிசனம் என்றால் அது மையா, சாமியா?

நிறம் மாறுவது புதிதும் இல்லை. இரும்பு கலந்த பழைய நீலக்கருப்பு மை எழுதும்போது நீலமாக வரும், காற்றுப் பட்டு இரும்பு மாறி மணிக்கணக்கில் கருக்கும். கடைசியில் தாளோடு ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாலும் போகாது. அந்த மாற்றத்தில் ஒரு பயன் இருக்கிறது. இது எதற்கு?

அப்புறம் அந்தப் பெயர். மன்யோ என்பது அவர்களுடைய பழைய கவிதைத் தொகை என்றார்கள், சரி. ஹஹா என்பது ஏதோ செடி என்றார்கள். தேடிப் பார்த்தேன். பூ மணி மாதிரி கவிழ்ந்து தொங்குகிறது, வெளிறிய மஞ்சள் கலந்த பச்சை. மை நீலம்! என்ன சம்பந்தம்?

கோழிக்கிறுக்கல் · சனி, காலை 10:31

ஐயா சொல்றதுல இது மட்டும் எனக்கும் இடிக்குது. பூ பச்சை, மை நீலம். அரைத்துளி அக்கா ஜப்பான் மொழி படிச்சவங்க. வாங்கக்கா.

அரைத்துளி · சனி, மாலை 4:50

வந்துட்டேன். ஐயா நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க, பதில் உங்களுக்குப் பிடிக்குமான்னு பார்ப்போம்.

அந்தத் தொகையின் முழுப்பெயர் மன்யோஷு. 20 தொகுதி, ஏறக்குறைய 4,500 பாட்டு. அதில் தேதி தெரிந்த கடைசிப் பாட்டு 759-ஆம் ஆண்டுப் புத்தாண்டில் எழுதியது, எழுதியவர் ஓதோமோ நோ யகமொச்சி. தொகுப்பு இன்றைய வடிவத்துக்கு வந்ததில் பெரும்பங்கு அவருடையது என்பார்கள். நம்ம திணைப் பாட்டு மாதிரியே செடி, கொடி, களை, பாசி இல்லாமல் அவர்களுக்குக் காதலும் வராது, பிரிவும் வராது. சைலர் அந்த வரிசைக்குச் செடிப் பெயராக வைத்தது அதனால்தான்: யோமோகி, நெகோயானகி, சுமிரே, நதேஷிகோ என்று.

ஹஹா கதை தனி. இருபதாம் தொகுதியில் எல்லைக் காவலுக்குப் போன சிப்பாய்களின் பாட்டுகள் இருக்கின்றன. சகிமோரி என்று பெயர். கிழக்கு மாகாணங்களில் உழுதுகொண்டிருந்தவர்களைப் பிடித்து மேற்கே கியூஷு கரைக்கு அனுப்புவார்கள், தவணை மூன்று வருடம். 755-இல் அப்படிப் புறப்பட்டவர்களிடமிருந்து பாட்டுகளைச் சேகரித்தவரும் அதே யகமொச்சிதான், அப்போது அவர் படைத்துறை அதிகாரி. 4323-ஆம் பாட்டு தோதோமி மாகாணத்துக்காரன் ஒருவனுடையது. நான் சொல்லும் தமிழில் ஓசை போய்விடும், பொருள் மட்டும்:

"அந்தந்தப் பருவத்துப் பூவெல்லாம் பூக்கிறதே, அம்மா என்கிற பூ மட்டும் ஏன் பூக்காமலே போயிற்று?"

ஜப்பானிய மொழியில் ஹஹா என்றால் அம்மா. பூ இருந்தால் பறித்துக் கையோடு கொண்டு போயிருப்பான், அவ்வளவுதான் அவன் சொல்ல வந்தது. அந்தக் காலத்தில் அவர்களுக்கென்று தனி எழுத்து இல்லை, சீன எழுத்தைக் கடன் வாங்கி, சில இடத்தில் பொருளுக்காகவும் சில இடத்தில் ஒலிக்காக மட்டும் எழுதினார்கள். இந்தப் பாட்டில் "ஹஹா" என்ற சொல்லுக்கு, "அலை" என்று பொருள்படும் எழுத்தை இரட்டித்து எழுதியிருக்கிறது. அலை அலை. கடல் பக்கம் போகிறவன் பாட்டு. எழுதியவர் ஒலிக்காகத்தான் எடுத்தார், இருந்தாலும் எனக்கு அது கண்ணில் படாமல் போவதில்லை.

பின்னால் மன்யோஷுவின் செடிகளைப் பட்டியல் போட்டவர்கள், "ஹஹா என்றொரு பூ" என்ற இந்த வரியை வைத்து பைமோ என்ற செடியையும் சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் பார்த்த கவிழ்ந்த மணி அதுதான். ஆனால் பாட்டைத் திரும்பப் படியுங்கள் ஐயா. அந்தப் பூ பூக்கவே இல்லை. பூக்காத பூவுக்கு என்ன நிறம் வைப்பீர்கள்?

கோழிக்கிறுக்கல் · சனி, மாலை 5:02

அக்கா. பேச்சு இல்லை.

பழையநிப்பு · சனி, மாலை 6:15

பாட்டு நன்றாக இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிப்பாய்க்கு 50 மில்லி குப்பியில் பங்கு ஒன்றும் இல்லையே. 1,200 வருடம் முந்தைய ஒருவனின் ஏக்கத்தை லேபிளில் அச்சடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அரைத்துளி · சனி, இரவு 7:40

அது எனக்கும் உறுத்தும் இடம்தான். லேபிள் வழியாகத்தான் நான் அந்தப் பாட்டுக்கே போனேன் என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஆனால் நிறம் மாறும் மைக்கும் அந்தத் தொகுப்புக்கும் ஒட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களிடம் உத்சுரோஉ என்றொரு வினை உண்டு. நிறம் மங்குவது, பூ வாடுவது, மனம் வேறிடம் போவது, மூன்றுக்கும் அதே சொல். அதற்கென்றே ஒரு செடியும் உண்டு, சுகிகுசா. நம்ம கானாவாழை இனம்தான், நீலப்பூ. அதைத் துணியில் தேய்த்தால் அழகான நீலம் ஏறும், தண்ணீர் பட்டால் போய்விடும். அதனால் நிலையில்லாத மனசுக்கு அதுவே உவமை. 1351-ஆம் பாட்டில் ஒருவர் சொல்வது: சுகிகுசாவில் என் ஆடைக்குச் சாயம் தேய்ப்பேன், காலைப் பனியில் நனைந்தபின் நிறம் போனாலும் போகட்டும்.

போகும் என்று தெரிந்தே தேய்க்கிறார், கவனியுங்கள்.

பயன் என்ன என்று கேட்டீர்கள் இல்லையா ஐயா? அந்தப் போகிற நீலத்துக்கும் பயன் கண்டுபிடித்தார்கள். ஷிகா மாகாணம் குசாத்சுவில் அதன் பெரிய பூ வகையை வளர்த்து, சாற்றைத் தாளில் திரும்பத் திரும்பத் தடவிக் காயவைப்பார்கள். கியோத்தோவில் யூசென் என்னும் பட்டோவியச் சாயவேலை செய்பவர்கள் அந்தத் தாளில் ஒரு துண்டை நனைத்து, பட்டின்மேல் கோட்டோவியம் போடுவார்கள். வேலை முடிந்ததும் தண்ணீரில் அலசினால் கோடு மட்டும் மறைந்துவிடும். நிற்காத மைதான் அங்கே வேண்டும்.

கோழிக்கிறுக்கல் · சனி, இரவு 8:08

நம்ம பசலையும் இதே கதைதானே! பரணர் கேணியில் படரும் பாசியைச் சொல்வாரே. தொடத் தொட விலகும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும், காதலர் போனால் பசலை வருவதும் அப்படின்னு. நேத்து ஹஹாவில் எழுதும்போது எனக்கு அதுதான் தோணிச்சு. நிப்பு போகும்போது நீலம். பேனாவை எடுத்துவிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தா, கோட்டு நடுவுல மெதுவா சிவப்பு வந்து உட்காருது.

பழையநிப்பு · சனி, இரவு 8:20

எதை எடுத்தாலும் சங்கப் பாட்டுக்குள் இழுத்துவிடுவாய்.

(உவமை பொருந்துகிறது. அதுதான் எரிச்சல்.)

தாளடி · ஞாயிறு, காலை 9:00

கவிதைக்கு இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கணும். மைக்கூடு, இப்போது தாளைப் பார்ப்போம். என்னிடம் உள்ள மூன்றில் நேற்று எழுதிப் பார்த்தேன், மூன்றிலும் ஒரே பேனா, நுனி பட்டையான ஸ்டப் நிப்பு.

பழைய தோமோயே ரிவர் 52 கிராம் தாளில்தான் முழுக் கூத்து. எழுத்தின் தொடக்கத்தில் நீலம், மை தேங்கும் வளைவுகளில் இளஞ்சிவப்பு, சில இடங்களில் ஓரத்தில் பச்சை. இந்தத் தாளைச் செய்துவந்த தோமோயேகாவா நிறுத்திவிட்டது, இப்போது அதே பெயரில் சான்சென் நிறுவனம் செய்கிறது. என் கண்ணுக்குப் புதிய தாளில் ஷேடிங் (ஒரே கோட்டில் வெளிறியும் அடர்ந்தும் வருவது) கூடி ஷீன் குறைந்திருக்கிறது. ஹஹாவுக்கு ஷீன் தேவையில்லை என்பதால் நஷ்டமில்லை. மேலே சாயம் படிந்து உலோகம் போல மின்னுவதுதான் ஷீன். நாம் பேசுவது தாளுக்குள் நடக்கும் பிரிவு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

மஞ்சள் தட்டும் கிரீம் தாளில் இளஞ்சிவப்பு பீச் பழ நிறமாகி, நீலம் பச்சைக்குச் சாய்கிறது. அழகுதான், ஆனால் வேறு மை மாதிரி இருக்கிறது. பிரின்டர் தாளில் எதுவும் நடக்கவில்லை. துவைத்த ஜீன்ஸ்.

விளக்கையும் மறக்காதீர்கள். மங்கலான கலவைச் சாம்பல்கள் வெளிச்சத்துக்கு வெளிச்சம் ஏமாற்றும். ஜன்னலோரப் பகலில் நீலமாக இருந்த பக்கம், இரவில் மஞ்சள் பல்பின் கீழே பார்த்தால் சிவப்பு தூக்கலாக நிற்கும். படம் எடுக்கும் கேமரா தன் பங்குக்கு வேறு ஒன்றைச் சேர்க்கும்.

கடைசியாக, பழையநிப்பு ஐயா சொன்னதில் நான் முழுக்க ஒத்துப்போவது ஒன்று: இதில் கையெழுத்துப் போடாதீர்கள், முகவரி எழுதாதீர்கள், பரீட்சை எழுதவே எழுதாதீர்கள். தண்ணீர் தாங்காது, வெயிலையும் நம்ப முடியாது. மேற்பூச்சுத் தாளில் உலரவும் நேரம் எடுக்கும், உள்ளங்கை பட்டால் போச்சு.

மைக்கூடு · ஞாயிறு, மாலை 3:25

அண்ணா, அக்கா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. பிஸ்டன் பேனாவை ஆறு முறை கழுவினேன், ஆறாவது தண்ணீரிலும் லேசாக ஊதா வந்தது. அதை விட்டுவிட்டு, சும்மா கிடந்த 1.1 ஸ்டப்பை எடுத்து ஹஹா ஊற்றினேன். தோழி கொடுத்த தோமோயே தாள் நான்கு இருந்தது.

வந்துவிட்டது! "அ" போடும்போது சுழியில் நீலம், வளைந்து இறங்கும் இடத்தில் சாம்பல், கடைசிக் கோட்டின் அடியில் இளஞ்சிவப்பு. நம்ம எழுத்தில் சுழி அதிகம் என்பதால் மை தேங்க நிறைய இடம் கிடைக்கிறது. "ண", "ஜ", "இ" மூன்றும் கொள்ளை அழகு. "ப", "ட" ஏமாற்றிவிட்டன, நேர்கோடு, நின்று தேங்க இடமே இல்லை.

ஒரு விஷயம் மட்டும். அரைத்துளி அக்கா சொன்ன பாட்டை இதே மையில் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். "அம்மா" என்ற சொல்லில் "அ" இளஞ்சிவப்பாகவும் "ம்மா" நீலமாகவும் வந்தது. இரண்டாம் முறை எழுதினால் மாறி வந்தது. மூன்றாம் முறை முழுக்கச் சாம்பல். எது சரி என்று கேட்டுத்தான் இழை தொடங்கினேன், இப்போது கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் அம்மாவுக்கே காட்டினேன். "எழுத்து வெளுத்திருக்கே, பேனாவில் மை தீர்ந்துபோச்சா?" என்றார்.

கோழிக்கிறுக்கல் · ஞாயிறு, மாலை 3:31

அம்மாவும் பழையநிப்பு ஐயா கட்சி.

அரைத்துளி · ஞாயிறு, மாலை 5:10

மைக்கூடு, "ண"வைப் பெரிதாக எழுதி ஒரு படம் போடுங்களேன். வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வரட்டும்.

இதே வரிசையில் கொனாகி என்றொரு நீலமும் உண்டு. வயலில் முளைக்கும் களைப்பூ. 3576-ஆம் பாட்டில் அந்தப் பூவைத் துணியில் தேய்த்துச் சாயமேற்றுகிறார்கள். உடுத்திப் பழகப் பழக ஏன் இவ்வளவு பிரியம் கூடுகிறது என்று கேட்டு முடிகிறது பாட்டு. ஹஹா பழகியபின் வாருங்கள், அதைப் பற்றித் தனி இழை போடலாம்.

பழையநிப்பு · ஞாயிறு, இரவு 9:55

என்னிடம் பழைய தோமோயே தாள் அரைக் கட்டு கிடக்கிறது. கொழகொழவென்று மை விடும், தடித்த கோடு போடும் பி நிப்பு ஒன்றும் இருக்கிறது.

யாராவது 2 மில்லி மாதிரிக் குப்பி அனுப்புவீர்களா? கவிதைக்காக அல்ல. தாளடி சொன்ன ஓரத்துப் பச்சையைச் சோதிக்க.

தாளடி · ஞாயிறு, இரவு 9:58

5 மில்லியாகவே அனுப்புகிறேன் ஐயா. தனிச்செய்தியில் முகவரி போடுங்கள்.

ஹஹாவில் எழுதாமல்.